வீட்டுக்கே ஒரு கணினி: பிள்ளையின் இணையத்துக்கு எந்தப் பூட்டைப் போடுவது?

வீட்டில் இருப்பது ஒரே கணினி. பகலில் பெரியவர்கள் யாராவது அதில் வேலை பார்க்கிறார்கள், சாயங்காலம் அதே நாற்காலியில் பிள்ளை வீட்டுப்பாடம் செய்ய உட்காருகிறது, ராத்திரி மறுபடி பெரியவர்கள். பிள்ளைக்கு மட்டும் இணையத்தை எப்படி அளவோடு கொடுப்பது, ரூட்டரில் பூட்டலாமா, காசு கொடுத்து மென்பொருள் வாங்கலாமா, உலாவியில் ஏதாவது ஒன்றைப் போட்டால் போதாதா என்று கேட்டுக் குழம்பி நிற்கிற பெற்றோர் நிறையப் பேர். அவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் பிள்ளைக்கென்று தனியாக ஒரு டேப்லெட்டோ போனோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்லப்படுவது, அதனால் அதைப் பொதுக் கணினியில் செய்து பார்த்தால் பாதி வேலை செய்வதில்லை. ரூட்டருக்குத் தெரிவது கணினி மட்டும்தான். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது நாற்பது வயதுக்காரரா ஒன்பது வயதுப் பிள்ளையா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியையும் பார்க்க வேண்டும்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

ஆளைப் பிரித்துப் பார்க்குமா? பொதுக் கணினியில் முதல் கேள்வி இதுதான். பிரித்துப் பார்க்கத் தெரியாத பூட்டு உங்களையும் சேர்த்துப் பூட்டும். நாலு நாள் பொறுத்துப் பார்ப்பீர்கள், ஐந்தாம் நாள் அவசர வேலைக்காக நீங்களே கழற்றிப் போட்டுவிடுவீர்கள், அதற்கப்புறம் அது திரும்பப் பூட்டப்படாது.

எதைத் தடுக்க நினைக்கிறீர்கள்? ஆபாசமோ வன்முறையோ தற்செயலாகக் கண்ணில் படுவது ஒன்று. மணிக்கணக்காக வீடியோவும் விளையாட்டுமாகப் போவது இன்னொன்று. முகம் தெரியாதவர்களோடு பேசுவது மூன்றாவது. முதலாவதற்கு வடிகட்டி வேண்டும், இரண்டாவதற்கு நேரக் கணக்கு வேண்டும், மூன்றாவதை எந்த மென்பொருளும் முழுசாகக் கவனித்துக்கொள்ளாது. "எல்லாமே வேண்டும்" என்றால் ஒரு கருவி போதாது என்பதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தாண்டுவது எவ்வளவு சுலபம்? ஆறு வயதுப் பிள்ளை தாண்ட முயலாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தேடிப் படித்துவிட்டுத் தாண்டும்.

வெளியே தெரியாத செலவு என்ன? சந்தா தொகையை மட்டும் சொல்லவில்லை. தினமும் "இந்தத் தளத்தைத் திறந்து விடு" என்று வருகிற கோரிக்கைகளுக்கு நீங்கள் செலவிடும் நேரம், பிள்ளையின் நடவடிக்கைகள் வெளி நிறுவனத்தின் கைக்குப் போவது, நல்ல தளங்களும் சேர்ந்து அடைபடுவது, இதெல்லாம் செலவுதான்.

## தனிப் பயனர் கணக்கும், அதன்மேல் பெற்றோர் கட்டுப்பாடும்

நேராகச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான வீடுகளுக்கு அடித்தளமாக இருக்க வேண்டியது இதுதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே கணினியில் பல கணக்குகள் வைத்துக்கொள்ளலாம். பெரியவருடையது நிர்வாகி கணக்கு, பிள்ளையுடையது சாதாரணக் கணக்கு. கணினிக்கு ஆளைப் பிரித்துப் பார்க்கத் தெரிய ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். சாதாரணக் கணக்கிலிருந்து கணினி முழுவதற்குமான அமைப்புகளை மாற்ற முடியாது, நிர்வாகி கடவுச்சொல் கேட்கிற மென்பொருளை நிறுவ முடியாது. பெற்றோர் கட்டுப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால்கூட இந்த ஒரு பிரிப்பை இன்றைக்கே செய்துவிடுங்கள். உங்கள் அலுவலகக் கோப்புகளும், உலாவியில் சேமித்து வைத்த வங்கிக் கடவுச்சொல்லும் பிள்ளையின் விரல் பட்டுத் திறக்காமல் இருப்பதற்கும் இதுவே வழி.

விண்டோஸில் இதற்குமேல் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இருக்கிறது. அடிப்படை வசதிகளுக்குக் காசு கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்று வைக்கலாம், செயலிகளையும் விளையாட்டுகளையும் வயது பார்த்து நிறுத்தலாம், தேடலையும் தளங்களையும் வடிகட்டலாம். பிள்ளை "இன்னும் கொஞ்ச நேரம்" என்று திரையிலேயே கேட்கும், கோரிக்கை உங்களுக்கு வரும், நீங்கள் எங்கிருந்தும் சரி என்றோ முடியாது என்றோ சொல்லலாம். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பிள்ளைக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை, அதாவது பிள்ளை பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாகும், நடவடிக்கை விவரங்கள் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். இரண்டாவது, இணைய வடிகட்டி வேலை செய்வது எட்ஜ் உலாவியில் மட்டும். அதனால் வடிகட்டியைப் போட்டதும் குரோம் போன்ற மற்ற பிரபலமான உலாவிகள் பிள்ளையின் கணக்கில் தடைபடும். பள்ளி வேலைக்கு குரோம்தான் வேண்டும் என்றால் அங்கே முட்டிக்கொள்ளும், குரோமைத் திறந்து விட்டால் வடிகட்டி இருந்தும் பயனில்லை.

மேக்கில் 2019-இல் வந்த காட்டலினா பதிப்பிலிருந்து ஸ்கிரீன் டைம் இருக்கிறது. நேரம், செயலி வரம்பு, வயதுவந்தோர் தளங்களைக் குறைப்பது, குறிப்பிட்ட தளங்களை மட்டும் அனுமதிப்பது எல்லாம் அதிலேயே உண்டு. அதற்கென்று தனிக் கடவு எண் வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் பிள்ளையே வரம்பைத் தூக்கிவிடும். லினக்ஸில் டைம்கீப்பர்-நெக்ஸ்ட் என்ற கருவி ஒவ்வொரு கணக்குக்கும் நேரத்தை அளந்து, முடிந்ததும் வெளியேற்றும். தளங்களை வடிகட்ட அங்கே வேறொன்றைச் சேர்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கே வேண்டாம் என்பவர்கள் விண்டோஸில் உள்ளூர்க் கணக்கு ஒன்றை உருவாக்கி, கட்டளைச் சாளரம் வழியாக எந்த மணிக்குள் உள்ளே நுழையலாம் என்று வைக்க முடியும். ஆனால் அது நுழைவதை மட்டும்தான் தடுக்கும். நேரம் முடியும் முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டவரை எழுப்பி அனுப்பாது.

இனி இந்த வழியின் உண்மையான செலவு. பெரியவர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நடப்பது என்னவென்றால், உங்கள் கணக்கில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், அடுப்பில் ஏதோ பொங்குகிறது, எழுந்து ஓடுகிறீர்கள். திரை திறந்தே கிடக்கிறது. பிள்ளை வந்து உட்கார்ந்து, அதே உலாவியில் புதுத் தாவலைத் திறக்கிறது. அந்த நிமிடத்தில் நீங்கள் போட்ட எந்தக் கட்டுப்பாடும் அங்கே இல்லை, கூடவே நிர்வாகி அதிகாரமும் பிள்ளை கையில். விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும், மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் கை தானாகவே அங்கே போக வேண்டும். மறதிக்காரர்கள் சில நிமிடங்களில் திரை தானே பூட்டிக்கொள்ளும்படியும் வைத்துவிடுங்கள். நாலு இலக்க எண்ணைக் கடவாக வைத்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே அதை அழுத்தினால், ஒரு வாரத்துக்குள் அது பிள்ளைக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

## டிஎன்எஸ் வடிகட்டி

தளத்தின் பெயரைக் கணினிக்குப் புரியும் எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். வடிகட்டுகிற டிஎன்எஸ் சேவையை அமைத்துவிட்டால், ஆபாசத் தளம் என்று அதன் பட்டியலில் இருக்கும் பெயருக்கு அது சரியான முகவரியைத் தராது, தளம் திறக்காது. அமைக்க வேண்டிய எண்கள்: கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் குடும்பச் சேவைக்கு 1.1.1.3, 1.0.0.3. ஓபன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டுக்கு 208.67.222.123, 208.67.220.123. இலவசம், கணக்கு தொடங்க வேண்டியதில்லை, எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் போதும். இந்த அளவு சின்ன உழைப்புக்கு இவ்வளவு பயன் தருவது வேறு எதுவும் இல்லை.

இது ஆளைப் பிரித்துப் பார்க்காதல்லவா என்று கேட்கலாம். பார்க்காதுதான். ரூட்டரில் வைத்தால் வீடு முழுவதற்கும், கணினியில் வைத்தால் அதிலுள்ள எல்லாக் கணக்குகளுக்கும் பொருந்தும். ஆனால் தடைபடுவது ஆபாசத் தளங்களும் அவை போன்றவையும் மட்டும் என்பதால், பெரும்பாலான வீடுகளில் பெரியவர்களின் அன்றாட வேலை இதனால் நிற்பதில்லை. அதனால்தான் ஆளைப் பிரிக்காத வழிகளிலேயே இதை மட்டும் நான் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன்.

குறைகளும் உண்டு. டிஎன்எஸ் ஒரு தளத்தை மொத்தமாகத் திறக்கும் அல்லது மொத்தமாக மூடும். யூடியூபில் இந்த வீடியோ வேண்டாம், அந்த வீடியோ சரி என்று பார்க்க அதற்குத் தெரியாது. நேரக் கணக்கும் அதில் இல்லை. ரூட்டர் ஐபிவி6 என்ற புதிய வகை எண் முகவரியும் வழங்குகிறது என்றால், பழைய வகை எண்ணை மட்டும் மாற்றினால் கேள்வி இன்னொரு வாசல் வழியாகப் போய்விடும், இரண்டையும் மாற்ற வேண்டும். கணினியின் டிஎன்எஸ் எண்ணை மாற்ற நிர்வாகி அனுமதி வேண்டும் என்பது நல்ல விஷயம். ஆனால் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் "பாதுகாப்பான டிஎன்எஸ்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் வேறு சேவையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் வடிகட்டியைக் கேட்காமலே உலாவி நேராக அங்கே போய்விடும். விவரமான பிள்ளைக்கு அது இரண்டு நிமிட வேலை.

தவறாக அடைபடுவதும் நடக்கும். கிளவுட்ஃப்ளேர் இந்தச் சேவையைத் தொடங்கியது 2020 ஏப்ரல் 1 அன்று. தொடங்கியவுடனேயே தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநருக்கும் ஆதரவும் தகவலும் தரும் தளங்கள் சில அதில் அடைபட்டன, நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு விளக்கம் எழுதித் திருத்தியது. வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் உடம்பைப் பற்றியும் மனதைப் பற்றியும் யாரிடமும் கேட்க முடியாமல் தேடுகிற கேள்விகளுக்கு நல்ல பதில் தரும் தளங்கள்தான் இப்படி முதலில் மாட்டிக்கொள்கின்றன. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## ரூட்டரில் நேரப் பூட்டு

இரவு ஒன்பது மணிக்கு மேல் இந்தச் சாதனத்துக்கு இணையம் கிடையாது என்று வைக்கும் வசதி நிறைய ரூட்டர்களில் இருக்கிறது. பிள்ளைக்குத் தனிச் சாதனம் இருந்தால் அருமையான வழி. பொதுக் கணினிக்கு ஒத்துவராது. உங்கள் வேலையும் ஒன்பது மணிக்கு நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டால் ரூட்டரின் அட்டவணைக்கு அங்கே வேலையே இல்லை. இரவில் யாருமே இந்தக் கணினியைத் தொடுவதில்லை என்கிற வீட்டுக்கு மட்டும் இது சரி.

ரூட்டரிலேயே "சொல் வடிகட்டி" என்றும் ஒன்று இருக்கலாம். இன்றைக்குத் தளங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மறைகுறியாக்கத்தோடு வருவதால் பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ரூட்டரால் படிக்க முடியாது. அதை நம்பி எதையும் விடாதீர்கள்.

## உலாவிக்குள்ளேயே செய்வது

தேடல் முடிவுகளில் ஆபாசத்தை வடிகட்டும் கூகுளின் சேஃப்சர்ச், யூடியூபின் கட்டுப்பாட்டுப் பயன்முறை, தளங்களைத் தடுக்கும் நீட்சிகள் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்), இவற்றைப் போடுவது எளிது என்பதால் பலர் இங்கேயே ஆரம்பித்து இங்கேயே நின்றுவிடுகிறார்கள். யூடியூபின் கட்டுப்பாட்டுப் பயன்முறையை நான் மதிக்கிறேன், காரணம் அது வீடியோவுக்குக் கீழே வரும் கருத்துகளையும் மறைத்துவிடுகிறது, நிறைய அசிங்கம் இருப்பது அங்கேதான். ஆனால் அது அந்த உலாவிக்கு, அந்த உலாவியிலும் அந்தச் சுயவிவரத்துக்கு மட்டும் உரியது. குரோமில் விருந்தினர் சாளரத்தைத் திறந்தால் நீட்சி எதுவும் அங்கே இருக்காது. மறைநிலைச் சாளரத்திலும் நீங்களாக அனுமதித்தால் ஒழிய நீட்சிகள் இயங்காது. ஆக, பிள்ளையின் தனிக் கணக்குக்குள் கூடுதல் அடுக்காக இது நல்லது, தனியாக நின்றால் பாதி நாள்கூடத் தாங்காது.

## அனுமதித்த தளங்கள் மட்டும்

தடுப்பதைப் பட்டியலிடாமல் திறப்பதைப் பட்டியலிடுகிற முறை. ஃபேமிலி சேஃப்டியிலும் ஸ்கிரீன் டைமிலும் இதற்கு வசதி உண்டு. பாதுகாப்பில் இதை மிஞ்சியது கிடையாது. ஏழெட்டு வயதுவரை பத்துத் தளங்கள் போதும் என்கிற பிள்ளைக்கு இதையே சொல்வேன்.

உழைப்பு எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாடத் தளத்தின் பெயரைப் பட்டியலில் சேர்த்தாயிற்று. பக்கம் திறக்கிறது, படங்கள் வரவில்லை, வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம், உள்நுழையும் பொத்தானை அழுத்தினால் "அனுமதி கேள்" என்று வருகிறது. ஒரு தளம் தன் படங்களை ஒரு முகவரியிலிருந்தும், வீடியோவை இன்னொன்றிலிருந்தும், உள்நுழைவை மூன்றாவதிலிருந்தும் எடுக்கும், அவை ஒவ்வொன்றையும் நீங்கள் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் இதற்கென்று பொறுமை வேண்டும், அப்புறம் அடங்கிவிடும். சொந்தமாகத் தேடிப் படித்துக் கட்டுரை எழுதும் வயது வந்ததும் இது பிள்ளையின் கையைக் கட்டிவிடும், அப்போது விட்டுவிடுங்கள்.

## காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்

குஸ்டோடியோ, நெட் நேனி, நார்ட்டன் ஃபேமிலி போன்றவை. ஆண்டுச் சந்தா, பல திட்டங்களில் சாதன எண்ணிக்கைக்கு ஏற்ப விலை ஏறும். வெவ்வேறு இயங்குதளங்களில் ஒரே மாதிரி வேலை செய்வதும், பல உலாவிகளைச் சேர்த்து வடிகட்டுவதும் இவற்றின் பலம். எட்ஜ் மட்டும் போதாது, வீட்டில் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாம் கலந்து கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே நேரக் கணக்கு வேண்டும் என்றால் இவற்றுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பொதுக் கணினியில் இவையும் பயனர் கணக்கை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். காசு கொடுத்தாலும் தனிக் கணக்கு உருவாக்கும் வேலையிலிருந்து தப்ப முடியாது.

விலைச்சீட்டில் இல்லாத செலவு பிள்ளையின் தகவல். இந்த மென்பொருள்களில் பலவற்றால் பிள்ளை என்ன தேடியது, எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, சிலவற்றில் யாரிடம் என்ன பேசியது என்பதுவரை சேகரிக்க முடியும். அமெரிக்காவில் எக்கோமெட்ரிக்ஸ் என்ற நிறுவனம் சென்ட்ரி என்ற பெற்றோர் கட்டுப்பாட்டு மென்பொருளை விற்றது. அதன் வழியாகக் கிடைத்த பிள்ளைகளின் தகவல் சந்தை ஆய்வுக்காக மூன்றாம் தரப்புக்குப் போகும் என்பதைப் பெற்றோருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2010-இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிள்ளையைக் காப்பாற்ற வாங்கிய பொருளே பிள்ளையைச் சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன நியாயம்? வாங்கும் முன் தனியுரிமைக் கொள்கையைப் படியுங்கள், எதைச் சேகரிக்கிறது, எவ்வளவு நாள் வைத்திருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் தெளிவாகப் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மறைகுறியாக்கப்பட்ட பக்கங்களைப் படிப்பதற்காகச் சில மென்பொருள்கள் கணினியில் தங்கள் சொந்தச் சான்றிதழை, அதாவது ஒரு தளத்தை நம்பலாம் என்று உலாவிக்குச் சொல்லும் மின்னணு அத்தாட்சியை, நிறுவும். நீங்கள் வங்கி வேலை பார்ப்பதும் அதே கணினியில்தான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

## கணினி கூடத்தில், ஆள் பக்கத்தில்

திரை எல்லோர் கண்ணிலும் படும்படி கூடத்தில் வைப்பது. சின்னப் பிள்ளைகளுக்கு எந்த வடிகட்டியைவிடவும் இது பலன் தரும். காரணம், தப்பான ஏதோ ஒன்று திறந்த அந்த வினாடியே "என்ன அது?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு முதல் ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தார்கள், அதுவும் தரமானதைப் பெற்றோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றார்கள். ஆறு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்லாமல், தூக்கமும் விளையாட்டும் படிப்பும் கெடாதபடி நிலையான வரம்பை வீடே வகுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

செலவு உங்கள் நேரம். நீங்கள் வீட்டில் இல்லாத மணிகளில் இந்த வழி இல்லை. வளர்ந்த பிள்ளைக்கு நாள் முழுக்கத் தோளுக்குமேல் ஆள் நிற்பது அவமானமாக இருக்கும், அதையும் மதிக்க வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | ஆளைப் பிரிக்குமா | நேரக் கட்டுப்பாடு | தாண்டுவது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| தனிக் கணக்கும் பெற்றோர் கட்டுப்பாடும் | பிரிக்கும் | உண்டு | கடினம், திரை பூட்டியிருந்தால் | உங்கள் பழக்கம் மாற வேண்டும் |
| டிஎன்எஸ் வடிகட்டி | பிரிக்காது | இல்லை | விவரம் தெரிந்தால் எளிது | நல்ல தளங்களும் சில அடைபடும் |
| ரூட்டர் நேரப் பூட்டு | பிரிக்காது | உண்டு | ஹாட்ஸ்பாட் போதும் | பெரியவர் வேலையும் நிற்கும் |
| உலாவி அமைப்புகள் | சுயவிவர அளவில் | நீட்சியைப் பொறுத்தது | மிக எளிது | பாதுகாப்பு இருக்கிறது என்ற பொய்த் தைரியம் |
| அனுமதிப் பட்டியல் | கணக்கு இருந்தால் | தனியாக வைக்க வேண்டும் | கடினம் | பட்டியலைப் பராமரிக்கும் உழைப்பு |
| கட்டண மென்பொருள் | கணக்கு இருந்தால் | உண்டு | கடினம் | சந்தா, பிள்ளையின் தகவல் |
| கூடத்தில் கணினி | நீங்களே பார்க்கிறீர்கள் | நீங்கள் சொல்வதுதான் | நீங்கள் இல்லாதபோது எளிது | உங்கள் நேரம் |

## யாருக்கு எது

பிள்ளைக்கு ஏழு வயதுக்குள் என்றால் கூடத்தில் கணினி, தனிக் கணக்கு, அனுமதிப் பட்டியல். வேறெதுவும் வேண்டாம்.

எட்டிலிருந்து பன்னிரண்டுவரை தனிக் கணக்கில் பெற்றோர் கட்டுப்பாடு, கணினியில் டிஎன்எஸ் வடிகட்டி, யூடியூபில் கட்டுப்பாட்டுப் பயன்முறை. காசு எதுவும் ஆகாது, ஒரு மதியப்பொழுதில் முடிந்துவிடும். விரிசல் விழுவது எப்போதும் பெரியவர் திறந்து போட்ட திரையில்தான், அதைக் கவனித்துக்கொண்டால் போதும்.

பதின்மூன்றுக்கு மேல் பூட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த வயதில் பென்டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தை ஏற்றிக் கணினியைத் திறக்கும் வித்தைகூடத் தெரிந்த பிள்ளைகள் உண்டு. இரவு நேர வரம்பும் டிஎன்எஸ் வடிகட்டியும் இருக்கட்டும், என்னென்ன தடுக்கப்பட்டிருக்கிறது, எதைப் பார்க்கிறீர்கள், எதைப் பார்ப்பதில்லை என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் வேவு பார்க்கும் மென்பொருளை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். யாரோ ஓர் அந்நியன் மிரட்டுகிறான், படம் கேட்கிறான் என்று பயந்துபோன பிள்ளை முதலில் உங்களிடம் ஓடி வர வேண்டும். ஒருமுறை வேவு பார்த்தது தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை வராது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அமைத்து முடித்த அன்றே பிள்ளையின் கணக்கில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். வேறு உலாவியைத் திறந்து பாருங்கள், மறைநிலைச் சாளரத்தையும் விருந்தினர் சாளரத்தையும் திறந்து பாருங்கள், போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள், நாளைக்கு வேண்டிய பாடத் தளம் முழுசாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். இயங்குதளம் பெரிதாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இதையே இன்னொரு தடவை செய்யுங்கள், சில அமைப்புகள் சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.